கொட்டிய தண்ணீர்

எங்கள் மலையூர் நடுநிலைப் பள்ளியில் நான் சத்துணவு சமையல் உதவியாளர். என் மகளும் அங்கேதான் எட்டாவது வரை படித்தாள். மூச்சுத் திணறிப் பிறந்தவள் அவள். இரண்டு கால்களும் விறைத்தபடியே இருக்கும். எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்பாள், நடக்க வராது. அரசாங்கம் கொடுத்த சக்கர நாற்காலி எங்கள் கல்லுப் பாதையில் பத்தடிகூட உருளாது. காலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். அவள் அப்பா கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவர். சாமை அறுப்புக்கும் புளி உலுக்கவும்தான் ஊருக்கு வருவார்.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. சமையல்கூடத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வாத்தியார் கேள்வி கேட்டதும் முதலில் வரும் குரல் அவளுடையதாக இருக்கும். அரிசி களைந்துகொண்டே நான் அதைக் கேட்பேன்.

ஆறாவது படிக்கும்போது அடிக்கடி காய்ச்சல் வர ஆரம்பித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மூன்றாவது முறை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனபோது, அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிற?"

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஸ்கூல் இருக்கிற நாள்ல குடிக்க மாட்டேன்."

அவள் பாட்டிலில் தினமும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் நான். சாயந்தரம் அது காலியாகத்தான் இருக்கும். ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளிக் கழிப்பறை பின்பக்கப் பள்ளத்தில் இருந்தது. எட்டுப் படி இறங்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, குத்துக்காலிட்டு உட்கார அவளால் முடியாது. சின்ன வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் வந்தார்கள். வளர வளர அவர்களுக்கும் கூச்சம். ஒரு நாள் ஒருத்தி, "உன்னத் தூக்கினு போறதே எங்களுக்கு வேலயா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு இவள் தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

"என்னைக் கூப்புட்டிருந்தா வந்திருப்பேன் இல்ல?" என்றேன், திரும்பி வரும் வழியில்.

"நீ அடுப்பாண்ட இருப்பியேம்மா. கத்திக் கூப்புடணும். எல்லாரும் பாப்பாங்க."

மறுநாள் தலைமையாசிரியரிடம் போனேன். கெட்டவர் இல்லை. கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்.

"நானும் இன்னாம்மா பண்றது? மேல எழுதிப் போட்டுக்கினுதான் இருக்கேன். நீயும் ஒரு மனு எழுதிக் குடு."

நான் பத்தாவது படித்தவள். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கிராம சபையிலும் எழுந்து நின்றேன். அத்தனை ஆம்பளைகள் நடுவில், என் மகள் மூத்திரத்துக்குப் போக முடியாமல் தவிக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் பேசவில்லை. ஊரில் யாரோ அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

மனுவுக்கு வழி பிறக்கும்வரை நானே தினம் இரண்டு தடவை அடுப்பை விட்டுவிட்டு, அவளைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. "உன் பொண்ணுக்காக மத்த புள்ளைங்க கருகின சோறு தின்னணுமா?" என்று சத்துணவு அமைப்பாளர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஒரு வருஷம் கழித்துப் பள்ளிக்குக் கட்டட வேலை வந்தது. ஆனால் பள்ளி முன்வாசலில் சாய்தளம் கட்டினார்கள். திறப்பு நாளில் பலூன் கட்டி, சக்கர நாற்காலியை வரவழைத்து, என் மகளை அதில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். திறப்புக்கு வந்திருந்த இன்ஜினியரிடம் நான் போய் நின்றேன்.

"சார், க்ளாஸுக்கு நான் தூக்கினு போய்டுவேன். எங்களுக்கு வேண்டியது பாத்ரூம் சார்."

"எஸ்டிமேட்ல ராம்ப் மட்டும்தாம்மா கீது."

அன்று மாலை தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேலயில இருக்கிற. பாத்துப் பேசும்மா," என்றார். மிரட்டவில்லை, பயந்துதான் சொன்னார். எனக்கும் பயம்தான். இருந்தாலும் லீவு போட்டுவிட்டு இன்னும் நான்கு முறை ஒன்றிய ஆபீசுக்கு அலைந்தேன்.

எட்டாவது கடைசிப் பருவத்தில், வகுப்பை ஒட்டியே உட்காரும் கழிப்பறை ஒன்று கட்டி, சுவரில் கம்பியும் பதித்தார்கள். முதல் நாள் உள்ளே போய் அவளே கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்து, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்," என்று குரல் வந்தது. அடுப்படிக்குப் போய் அழுதேன். மூன்று மாதம் அவள் அதைப் பயன்படுத்தினாள். பிறகு எட்டாவது முடிந்துவிட்டது.

ஒன்பதாவதுக்கு வேறு ஊர்தான். ஷேர் ஜீப்பில் போக வேண்டும். இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். அங்கே கழிப்பறை மைதானத்தைத் தாண்டி இருந்தது. அதற்கும் படிகள்.

"தாராளமா சேத்துக்கிறோம்மா. ஆனா நீங்க கூடவே இருந்து பாத்துக்கணும்," என்றார் அங்கிருந்த தலைமையாசிரியை.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். மனு எழுதத் தெரியும், எந்த ஆபீஸ், எந்த மேசை என்பதெல்லாம் தெரியும். மறுபடியும் ஒரு சபையில் எழுந்து நின்று அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் உடம்பு அப்படியே சோர்ந்துபோனது. "சரிங்க மேடம், கேட்டுட்டு வர்றோம்," என்று மட்டும் சொன்னேன். யாரைக் கேட்க? ஜீப்பில் அவள் என் மடியில் உட்கார்ந்து வந்தாள். கனத்துப்போயிருந்தாள். என் தொடை மரத்துவிட்டது.

பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து, படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலோடு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர். வேர்த்து வடிய ஏறி வந்திருந்தார்.

"நல்லா மார்க் எடுத்திருக்குதே. ஏம்மா அனுப்பல நீங்க?"

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பாயில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள்.

"அம்மா அனுப்பறேன்னுதான் சொன்னாங்க சார். எனக்குத்தான் படிக்க இஷ்டம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'மாணவிக்கு விருப்பமில்லை' என்று எழுதிக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை.