இருளம்மாள் கொட்டிய பத்து அவுன்ஸ்

பாம்பன் கடலை மொண்டு இருளம்மாள் கையில் கொடுத்தால், மொத்தம் எத்தனை அவுன்ஸ், அதில் மீன்கள் கலந்தது எத்தனை அவுன்ஸ் என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு ஆயா அவள். சிக்கல் ஊர்க்காரி, புருஷன் வாந்திபேதியில் போனபின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் வேலைக்கு வந்தவள். எழுதத் தெரியாது. தினமும் ஒவ்வொருவருடைய மூத்திரச் சீசாவையும் அளந்து, அவுன்ஸுக்கு ஒரு கோடாகத் தலைமாட்டுச் சுவரில் சாக்கட்டியால் கிழிப்பாள். டாக்டர் நாடி பார்க்குமுன் அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார்.

ஐம்பத்தெட்டு தை அறுப்பில், உத்தரகோசமங்கைப் பக்கம் கூலிக்குப் போன முனியசாமியைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஊசி போட்டதில் உயிர் தங்கியது, மூத்திரம் நின்றுபோனது. பக்கத்துக் கட்டிலில், பனையிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு மலையாண்டி, பதினாறு வயது. அவனுக்கு இடது கால் நீங்கலாக எல்லாம் ஓடியது, வாய் உட்பட. முனியசாமிக்கோ முகம் உப்பி, சோறு குமட்டி, ஓயாத விக்கல். முந்தின நாள் வெளியேறிய அளவும், மேலே இரண்டு தம்ளரும்தான் அவருக்குத் தண்ணீர் என்பது டாக்டர் உத்தரவு. வெளியேறியதோ ஒன்றுமில்லை.

"ஏலே, ஒரு வாய் தண்ணி தரச் சொல்லுலே."

மலையாண்டி யோசித்தான். சுவரில் கோடு ஏறினால் தண்ணீரும் ஏறும். நாலாம் நாள் காலை அவர் கண்ணயர்ந்த நேரம், தன் சீசாவிலிருந்து பத்து அவுன்ஸை அவர் சீசாவுக்குக் கடத்திவிட்டு, ஒன்றும் அறியாதவன்போலப் படுத்துக்கொண்டான்.

இருளம்மாள் வந்தாள். சீசாவை வெளிச்சத்தில் பிடித்தாள். முனியசாமியின் கணுக்காலில் பெருவிரலை அழுத்தினாள்; குழி விழுந்து அப்படியே நின்றது. சீசாவை வாளியில் கொட்டினாள். கோடு விழவில்லை. நனைத்த துணியால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டுப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று மலையாண்டி மனசுக்குள் வைதான்.

பதினோராம் நாள் முனியசாமிக்கு மூத்திரம் இறங்கியது. அதற்கு மறுநாள் சீசா நிறைந்தது. அவர் பெண்சாதி முத்தழகு இருளம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒங்களாலதான் பொழச்சாரு, அக்கா."

"நானா பாம்ப விரட்டுனேன்? அளந்து ஊத்துனேன், அம்புட்டுத்தான்."

முனியசாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுத் தம்ளரைக் குடித்தார். இருளம்மாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தாள்.

"பாத்தியாலே? மொதல்ல கடுங்காப்பி மாதிரி கறுத்துத்தான் எறங்குச்சு. அன்னைக்கு இருந்தது எளநி மாதிரி."

"என்னைக்கு ஆயாம்மா?"

"நாலாம் நாளு. அவருக்குப் பத்து வந்துச்சு, ஒனக்குப் பத்து கொறஞ்சுச்சு. அத நம்பித் தண்ணி குடுத்திருந்தா நெஞ்சுல நீர் ஏறிப் போயிருப்பாரு. டாக்டர்ட்டச் சொல்லல."

மலையாண்டிக்கு அவள் காலைத் தொடவேண்டும் போலிருந்தது. மாவுக்கட்டு விடவில்லை. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"என்னலே?"

"குளுருது."

"பன்னெண்டு மணி வெயில்ல என்னலே குளுரு? அழுகுறவன் தோளு குலுங்காம அழுகணும்."