தண்ணீருக்குள் இறங்கிய படிகள்

காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கழுவும்போது கிளம்புகிற கடலையெண்ணெய் வாடைக்கு இன்றும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வருகிறது. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லைக் கிணற்றில், அப்படியொரு கேனை முதுகில் கட்டிக்கொண்டுதான் நான் நீச்சல் பழகினேன். கட்டிவிடுவது சித்தி. ஒருநாள் அவள் வருவதற்குள் அவசரப்பட்டு, அவளுடைய பழைய தாவணியால் நானே கட்டிக்கொண்டு குதித்துவிட்டேன். தோளுக்கு நடுவில் நிற்கவேண்டிய கேன் இடுப்புக்கு நழுவியது. இடுப்பு மிதந்தது, தலை உள்ளே போனது.

பயந்தது கொஞ்ச நேரம்தான். கண்ணைத் திறந்தால் பச்சை வெளிச்சம், எங்கோ மோட்டாரின் உறுமல், பிறகு அந்தப் படிகள். தினமும் நாங்கள் கால்வைத்து இறங்கிய அதே கற்படிகள், தண்ணீர் மட்டத்தோடு முடிந்துவிடுவதாக நான் நினைத்திருந்தவை, பாசி படர்ந்து, சுவரைச் சுற்றிச் சுற்றி, வெளிச்சம் எட்டாத இடத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தன. இவை யார் நடப்பதற்கு என்று வியந்துகொண்டிருந்தபோதே சித்தி குதித்து, சடையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டாள்.

"சாவக் கெடந்தியேடி! கைய கால ஒதறாம உள்ள இன்னாடி பாத்துக்கினு இருந்த?"

"படி, சித்தி" என்றேன். ஓங்கி ஓர் அறை விழுந்தது.

கொல்லையில் போர்வெல் போட்டபிறகு அந்தக் கிணற்றை மண்ணடித்துத் தூர்த்துவிட்டார்கள். மேலே கரும்பு நிற்கிறது. படிகளை யாரும் பெயர்க்கவில்லை. ஊருக்குப் போனால் அந்த இடத்தில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, படியிறங்குகிறவளைப்போலக் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன்.