பூண்டுலோயாவின் ஒதிய மரமும் மீனாட்சியின் முழங்காலும்

ஒதிய மரத்தைத் தேடி யாராவது பயணம் போவார்களா? அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், நான் போனேன். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி மீனாட்சிக்கு இரண்டு முழங்கால்களும் பிடித்துக்கொண்டன. மலையில் இறங்கவே முடியவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டப்படும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். நான் அட்டன் டவுனில் தையல்காரன். தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில்தான் இருந்தது. பேர் போனால் வீடும் போகும்.

பூண்டுலோயாவில் வலிக்குக் கேட்கிற பட்டை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, காலை ரயிலில் தலவாக்கலை போய் பஸ் மாறினேன். பூண்டுலோயாவிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேர நடை. அங்கே ஒரு சின்னக் கோயிலடியில் நின்ற மரத்தைக் கண்டதும் சப்பென்று ஆகிவிட்டது. உதவாக்கரைகளைத் திட்ட இழுப்போமே, அதே ஒதிய மரம்! பூசாரி ஒரு சாண் பட்டை உரித்துக் கொடுத்தார்.

“இடிச்சு வெதுவெதுப்பா கட்டுங்க. கேட்டா சந்தோசம். கேக்காட்டி மரத்த ஏசாதீங்க.”

வீட்டில் மீனாட்சி வலது காலை மட்டும் நீட்டினாள்.

“ரெண்டுலயும் கட்டுனா, பட்டையில கொறஞ்சிச்சா, சும்மா படுத்துக் கெடந்ததுல கொறஞ்சிச்சான்னு எப்படிங்க தெரியும்?”

மூன்றாம் நாள் காலையில் வலது காலை மடக்கி உட்கார்ந்தாள். இடது கால் மடங்க மறுத்தது. இருவரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மீதிப் பட்டையை இடது காலுக்கு இடித்தேன். அடுத்த வாரம் அவள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள்.

பங்குனியில் நன்றி சொல்ல இருவருமாகப் போனோம். பூசாரி மீனாட்சியின் கையில் சாணி உருண்டையை வைத்தார்.

“நோவு தீந்தவங்கதான் மரத்தோட காயத்துக்குப் பூசணும்.”

அப்போதுதான் மரத்தைச் சுற்றி வந்தேன். அடியிலிருந்து கையெட்டும் உயரம்வரை காய்ந்த சாணிப் பூச்சுகள், ஒவ்வொன்றிலும் விரல் தடங்கள். எத்தனை பேருடைய வலி! என்னை அறியாமல் கும்பிட்டேன். பூசாத காயங்களும் சில இருந்தன.

“இவங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்காம இருக்கலாம். இல்ல, லீவு கெடைக்காம இருக்கலாம்” என்றார் பூசாரி.

போக நினைப்பவர்களுக்கு: வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். இறக்கத்தை நம்பி ஏமாறாதீர்கள். திரும்புவது செங்குத்தான ஏற்றம். அன்று பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது, மீனாட்சி மேலே ஏறித் தேயிலைக்குள் மறைந்துவிட்டிருந்தாள்.