கையெழுத்துக்கு முன் ஒரு டீ

என் வீட்டுக்காரர் ஆலை ஆபீசில் டீ குடிக்க மாட்டார். கடலூரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். வீட்டில் குடிப்பார், சங்க ஆபீசில் குடிப்பார், செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் நின்றபடியே இன்னொன்று கேட்டும் குடிப்பார். பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனால் மட்டும், நிர்வாகம் வைக்கிற டீ ஆறி, ஆடை கட்டி, அப்படியே கிடக்கும்.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவரேதான். அவருக்கு முன்னால் இருந்த தலைவர் ஒருவர் உள்ளே போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, தொழிலாளிகள் கேட்டதில் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாராம். மறுநாள் இவர் ஆலை கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "நா உள்ள டீ குடிச்சா, நம்ம கேட்டது கெடச்சி கையெழுத்தாயிடுச்சின்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி பச்சத்தண்ணி கூட தொடமாட்டேன்" என்றார். பேச்சுவார்த்தை நடக்கும் மாடி அறையில் கேட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு. எப்போதும் அந்த ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருவார். கீழே நிற்பவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், டம்ளரைத்தான் பார்ப்பார்கள். அவர் அதைத் தூக்கினால் விசில் பறக்கும்.

அந்த டீயால்தான் வார்டு கவுன்சிலர் ஆனார். அதே தைரியத்தில் எம்.எல்.ஏ.வுக்கு நின்று டெபாசிட்டையும் பறிகொடுத்தார். தோற்ற மறுநாள் காலை ஒன்றுமே நடக்காதவர் போல், சஸ்பெண்டான ஒரு டிரைவருக்காகப் பஸ் டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார். நான் சிதம்பரத்தில் பிறந்தவள். ஆனித் தேருக்கு என்னோடு வாருங்கள் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்த வருசம் போலாம்" என்பார். மனுஷனுக்கு ஊரிலிருக்கிற எல்லா கேட்டும் தெரியும், எங்கள் வீட்டு கேட்டைத் தவிர.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

"வியாதிக்காரன்னு தெரிஞ்சா நிர்வாகம் இழுத்தடிச்சே நம்மள சாச்சிடும்" என்றார்.

"சரி, நம்மாளுங்ககிட்டயாவது சொல்லுங்களேன்."

"அவுங்க வேற தலைவர தேட ஆரம்பிச்சிடுவாங்க."

நிர்வாகத்தை விட அவர் அதிகம் பயந்தது இதற்குத்தான். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி வேலைநிறுத்தம் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்காக நடந்தது. நிரந்தரம் செய்யக் கேட்டதற்குச் சிலரை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்காரர், ஃபிட்டர். அவர் கல்யாணத்தை நடத்தி வைத்ததே என் வீட்டுக்காரர்தான். எங்களை மாமா, அக்கா என்று உரிமையோடு கூப்பிடுவார். அவர்களைத் திரும்ப எடுக்கும் வரை யாரும் உள்ளே போவதில்லை என்று மொத்தப் பேரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று காலை சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வந்து சாப்புடறேன்" என்று கிளம்பினார். மதியம் தாண்டியும் பேச்சு முடியவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நானும் கேட்டுக்குப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். மாடி ஜன்னலில் அவர் டம்ளரைத் தூக்கியது தெரிந்தது. ஜனம் கத்திய கத்தலில் காது அடைத்துப் போயிற்று. கிள்ளைக்காரர் அழுதுகொண்டே மனைவிக்குப் போன் போட்டு, "வேல கெடச்சிடுச்சிடி" என்றார். எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் நனைந்து, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மாலையோடு நின்றவர்களிடம், "இன்னும் கையெழுத்தாவல. நாளைக்கிப் பேசலாம்னுட்டாங்க" என்றார்.

மாலை பிடித்த கைகள் தாழ்ந்தன. பிறகு ஒரு குரல், "அப்ப டீ எதுக்குத் தலைவரே?" என்றது.

"சுகர் எறங்கிடுச்சிப்பா. கண்ண இருட்டிக்கிட்டு வந்துடுச்சி."

கிள்ளைக்காரர் அவரையே பார்த்தார். "ஒங்களுக்கு சுகரா மாமா? இத்தினி வருசமா சொல்லவே இல்லியே?"

"ஆமாங்க, அவருக்கு சுகர்தான், நா பொண்டாட்டி சொல்றேன்" என்று நான் கத்தினேன். பொண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

தலைவர் விலைபோய்விட்டார் என்று அன்று சாயங்காலமே ஊரெல்லாம் பேச்சு. நிர்வாகத்தின் கங்காணிகள் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். மறுநாளிலிருந்து தொழிலாளிகள் தனித்தனியாக மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். இவர் கேட்டில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதன் பிறகு நிர்வாகம் பேச்சுக்கே கூப்பிடவில்லை. வேலை போனவர்களுக்குப் போனது போனதுதான்.

நான் பஸ் ஏறிக் கிள்ளைக்குப் போனேன். ஃபிட்டர் என்னை உட்காரச் சொன்னார்.

"நீயாவது அவுரு காசு வாங்கலன்னு நாலு பேருகிட்ட சொல்லுப்பா. காலுல வேணா வுழறேன்."

"எனக்கு மாமா மேல சந்தேகமில்லக்கா. ஆனா வேல கெடச்சிடுச்சின்னு இவளுக்குப் போன் போட்டது நான்தானே. இவகிட்ட நா இன்னான்னு சொல்றது?"

உள்ளே அவர் மனைவி பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வெளியே வரவேயில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது அவரைச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். என் ஊரில் அவரோடு சேர்ந்தாற்போல் இத்தனை நாள் இருப்பது இதுதான் முதல் தடவை. சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தூக்கத்திலும் கேட்டில் நிற்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நேற்று மத்தியானம் மறுபடியும் சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்று நர்ஸ் விரட்டினாள். கீழே ஓடிப்போய் டீ வாங்கி வந்து உதட்டருகே வைத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. கை அன்று போலவே நடுங்கியது. கண் மட்டும் ஜன்னல் பக்கம் போயிற்று.

"கீழ ஆளுங்க நிக்கிறாங்களா?" என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு ஆட்டோ நின்றன. ஒரு அம்மா குழாயடியில் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே எங்கள் வாசலில் செருப்புக் குவிந்து கிடந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது.

"யாரும் இல்லீங்க. குடிங்க."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன். ஒருத்தரும் வரல."

அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.