வேரில் விழுந்த துளை

படிப்பவரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். மேடையில் தோற்காத நான், செங்கம் சாலையில் ஒரு பல் மருத்துவரிடம் தோற்றேன். மூக்குநுனியில் கண்ணாடி வைத்த குட்டை மனிதர். நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்த பிறகே கேள்வி கேட்பார்.

முந்தின நாள் வேறிடத்தில் செய்த வேர்ச்சிகிச்சையில் என் கடைவாய்ப்பல்லின் வேரில் துளை விழுந்திருந்தது. அன்று மாலை நான் பேச வேண்டிய பட்டிமன்றம்; மரப்பு ஊசி போட்டு உதடு மரத்துப்போனால் மானம் போய்விடும்.

"சாயங்காலம் பட்டிமன்றம் இருக்கிறது, அடுத்த வாரம் அடைக்கலாமே" என்று தொடங்கினேன். பஞ்சு உள்ளே போயிற்று.

"ஓட்ட சின்னது, ஆழத்துல இருக்குது, நேத்துதான் விழுந்துது. இன்னிக்கு அடைச்சா பல்லு நிக்கும். ஒரு வாரம் எச்சில் எறங்கி சீழ் வச்சுட்டா சந்தேகம்தான். மறுப்பு இருக்குதுங்களா?"

"ம்ம்" என்றேன். சம்மதமாக எடுத்துக்கொண்டு அடைத்தார்.

எழுந்தபோது கீழுதடு என் வசம் இல்லை. என் முகத்தைப் பார்த்தவர், காத்திருந்தோர் கேட்க உரக்கச் சொன்னார்:

"சாயங்காலம் முன்வரிசையில உக்காந்துக்கறேங்க. நீங்க உளறினாலும் கை தட்டறேன்."