யாமே என்றால் நிற்க வேண்டும்

என் அக்கா விசில் வைத்துக்கொண்டதே இல்லை. கராத்தே சொல்லிக்கொடுக்கும் மற்ற மாஸ்டர்கள் கழுத்தில் ஒன்று தொங்கும். அக்காவுக்கு இடது உள்ளங்கை போதும். அதை முகத்துக்கு நேராகத் தூக்கி, "யாமே!" என்பாள். ஜப்பான் மொழியில் நிறுத்து என்று அர்த்தம். மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கும் அத்தனை வாண்டுகளும் அப்படியே நின்றுவிடும். அப்புறம் "ஹாஜிமே" என்பாள். தொடங்கு என்று அர்த்தம். அதைச் சொல்லும்வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஒருவரும் அசையக் கூடாது.

நாங்கள் புவனகிரிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு செம்மங்குப்பம் போவேன். அங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அவள் வகுப்பு. கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டே குத்துவார்கள். அடியைவிட வார்த்தைதான் அவளுக்கு முக்கியம். காலைச் சுழற்றி உதைப்பதற்கு மாவாஷி என்று பெயர். "வீட்டு கிரைண்டர்ல மாவு எப்படிச் சுத்துது? அதான் மாவாஷி. கால அப்படிச் சுத்து" என்பாள். பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் யாமேதான். ஒரு பையனின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "ஒரு மாசமா நிக்கிறதுக்கே சொல்லிக் குடுக்குறீங்களே மாஸ்டர், அடிக்க எப்போ சொல்லிக் குடுப்பீங்க?" அக்கா சிரித்தாள். "மொதல்ல நிக்கட்டும்மா. எதிராளி வலிக்குதுன்னு யாமே சொன்னா, அந்த நொடியே இவன் கை நிக்கணும். யார் சொன்னாலும் நிக்கணும். நானே சொன்னாலும் சரி, இந்தக் கூட்டத்துலயே பொடிசு சொன்னாலும் சரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதிர்த்த டீக்கடையில் இருந்தேன். பிள்ளைகள் முழங்காலை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்தாற்போல நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு டீ சொன்னேன். அங்கே அவள் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டிருக்கிறது. அந்தப் பாவிப் பிள்ளைகளோ, மாஸ்டர் இன்னும் யாமே சொல்லவில்லை என்று தொடை நடுங்க நின்றபடியே அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண்தான் அடித்தொண்டையில் "யாமே!" என்று அலறினாள். வகுப்பே கலைந்து என்னை நோக்கி ஓடி வந்தது. டீயைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சைக் கொடுக்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் வரும், அப்புறம் கஷ்டம் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல் என்னைப் பேயாய் ஆட்டியது. ஷிப்ட் முடிந்ததும் ஓடி வந்து அவள் எதிரே உட்காருவேன். டம்ளரைக் காட்டி, "தண்ணி சொல்லுக்கா" என்பேன். வராது. "இச்சி, நி, சான்" என்று ஆரம்பித்துக் கொடுத்தால் மட்டும் ஜப்பான் எண்கள் பத்துவரை கடகடவென்று வந்து விழும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். உள்ளே பேச்சு இருக்கிறது, எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது, இழுத்துவிடலாம் என்று வெறியே பிடித்துவிட்டது. ஆனால் எண்ணி முடித்ததும் பழையபடி என்னையே பார்ப்பாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் தடியா" என்றுதான் கூப்பிடுவாள். அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. சிதம்பரத்தில் நான் கையெடுக்காத சந்நிதி இல்லை.

நாள் போகப் போக டாக்டர் சொன்ன கெடுவும் நெருங்கியது. ஒரு சாயங்காலம் கையில் டம்ளரோடு உட்கார்ந்தவன் விடவே இல்லை. "தடியான்னு சொல்லுக்கா. வாயத் தொற. உன் கால்ல விழுறேன், சொல்லுக்கா." அவள் உதடு கோணிக் கோணி முயன்றது. எச்சில் வழிந்தது. கண்ணிலும் நீர். நான் துடைத்துவிட்டு மறுபடியும், "த... தடி... சொல்லு" என்றேன்.

அப்போது அவள் இடது கை மடியிலிருந்து எழுந்தது. உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"யாமே" என்றாள்.

குழறவே இல்லை. மைதானத்தில் கேட்ட அதே குரல். யார் சொன்னாலும் நிற்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். நின்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அந்தக் கெடு தாண்டிப்போய்விட்டது. செம்மங்குப்பத்துப் பிள்ளைகள் இப்போது வேறு மாஸ்டரிடம் போகிறார்கள். அவர் விசில் வைத்திருக்கிறாராம். வேலை முடிந்து வந்து தினமும் அக்கா எதிரே உட்காருகிறேன். எதையும் சொல்லச் சொல்வதில்லை. அந்த இடது கை மடியில் கிடக்கிறது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாஜிமே என்று அவள் இன்னும் சொல்லவில்லை.