முதல் அமுக்கு

நிதானம் என்ற பேரை நான் முதலில் கேட்டது என் அக்கா வீட்டுச் சமையலறையில். அக்கா மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, அலமாரியிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"சித்தி, நான் ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்கேன். வண்டி ரிப்பேர் பண்றவர். எல்லாரும் நிதானம்னு கூப்பிடுவாங்க."

"அது பேரா, மருந்தா?" என்று கேட்டேன்.

"பேருதான். எந்த வேலையும் சட்டுனு செய்ய மாட்டாராம்."

"அப்ப கல்யாணத்துக்கே மறுநாள்தான் வந்து சேருவார்" என்றாள் அக்கா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

நேரத்துக்குத்தான் வந்தார். அழைப்பிதழில் அவருடைய சொந்தப் பேரைப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததோடு சரி, பிறகு யாரும் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

அவர் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் மேலே மாட்டுப் பண்ணைகள் உண்டு. பாதை முழுக்கக் கல்லும் சேறும். சாதாரண பைக் ஏறாது, கார் ஏறவே ஏறாது. அதனால் அங்கே போகிறவர்கள் தடித்த டயர் போட்ட நாலு சக்கர பைக் வைத்திருப்பார்கள். உட்காருவது பைக் மாதிரி, ஓடுவது எருமை மாதிரி. அந்த வண்டிகளெல்லாம் ரிப்பேருக்கு இந்தக் கொட்டகைக்குத்தான் வரும்.

பிரேக் ஆயில் மாற்றுவது அவருக்குப் பிடித்த வேலை என்று சொல்ல முடியாது. அவருக்குப் பிடித்தது எது என்று பெண்டாட்டிக்கே தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடி பிரேக்கை அமுக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தருகே குந்தி, நிப்பிள் என்கிற சின்னத் திருகைக் கால் சுற்று திறக்க வேண்டும். பழைய ஆயில் டீத்தண்ணி நிறத்தில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கும். உள்ளே சிக்கியிருந்த காற்றும் குமிழி குமிழியாக அதோடு வந்துவிடும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் கையை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால், வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போகும்.

மேலே உட்காருகிறவள் எப்போதும் என் அக்கா மகள்தான். கீழேயிருந்து அவர் "அமுக்கு, பிடி, விடு" என்பார். கல்யாணமான முதல் வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் பாதி இந்த மூன்று சொல்தான் என்பாள் அக்கா.

ஒரு மழைக்காலத்தில் அவள் நனைந்த படியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். அப்போதுதான் மாட்டு டாக்டரம்மா தன் வண்டியைக் காலையில் கொண்டுவந்து விட்டாள். "பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது. பதினோரு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கைக்கு ஆள் இல்லை. அக்காவின் மகன் லீவில் வந்திருந்தான். அவனைப் பிடித்து சீட்டில் உட்கார வைத்தார் நிதானம்.

அவனுக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். வாயை நிறுத்துகிற குமிழ் அவனுக்கு வைக்கவில்லை. ஒரு லாரி ஆபீசில் வேலை. அந்த ஆபீஸ் கதையைத்தான் சொல்லிக்கொண்டே அமுக்கினான், பிடித்தான், விட்டான். பின் சக்கரம் முடிந்தது, முன் சக்கரத்தில் ஒன்று முடிந்தது. கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது, அவனுடைய மேனேஜர் நாற்காலியோடு கவிழ்ந்த இடம் வந்தது. அதைச் சொல்ல அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

கீழே குந்தியிருந்தவர் குழாயைப் பார்த்தார். ஒரு குமிழி பின்பக்கமாக ஏறிப் போன மாதிரி இருந்தது.

"கையை விட்டீங்களா மச்சான்?"

"இல்லையே மாமா. உடும்பு மாதிரி பிடிச்சிருக்கேன்."

ஜன்னலோரம் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா மகள், தம்பியின் கை இரண்டும் மேலே போய் வந்ததைப் பார்த்தாள். ஏதோ கதை என்று நினைத்துக்கொண்டாள்.

புது ஆயில் தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. பிரேக்கை அமுக்கினால் கல்லாக இருந்தது. கைப்பிடி மேலிருக்கும் ஆயில் டப்பாவுக்கு மூடியைப் போட்டு இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கி, கை கழுவப் போனார்.

பத்து மணிக்கே டாக்டரம்மா வந்துவிட்டாள். காதில் போன். மேட்டில் பெரியவருடைய பசு விடியலிலிருந்து வலியில் கிடக்கிறது, தலைச்சன் கன்று, கால் வந்துவிட்டது, தலை திரும்பிக் கிடக்கிறது. பெரியவர் என்றால் என் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். அக்கா பிள்ளைகளுக்குப் பெரியப்பா.

டாக்டரம்மா பிரேக்கை நாலு தடவை அமுக்கிப் பார்த்தாள். "பிரமாதமா இருக்கு. சாவி கொடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றார் நிதானம். கைப்பிடியைத் தொடாமல், ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு தடவை அமுக்கினார். ஒரு விரல் கனம் உள்ளே போய்த்தான் நின்றது. மறுபடி அமுக்கினார். கல்.

"இது போகக் கூடாது டாக்டரம்மா. உள்ளே காத்து இருக்கு."

"நல்லாத்தானே பிடிக்குது?"

"ரெண்டாவது அமுக்கு நல்லா இருக்கு. முதல் அமுக்கு சரியில்லை. இறக்கத்துல முதல் அமுக்குதான் கிடைக்கும்."

கொட்டகையில் இன்னும் இரண்டு வண்டி இருந்தன. இரண்டுக்கும் என்ஜின் பிரித்துக் கிடந்தது. நடந்தால் ஒன்றரை மணி நேரம். டாக்டரம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை, ஏறுறதுக்கு எதுக்குய்யா பிரேக்கு?" என்றது பெரியவர் குரல். பின்னால் பசு கத்துவதும் கேட்டது.

"ஏறினவங்க இறங்கணுமில்ல மாமா."

"இறங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம். என் மாடு சாகுதுய்யா. வண்டியைக் கொடு."

நிதானம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். ரேடியோ சீட்டில் ஏறப் போனான். டாக்டரம்மா அவனைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். "சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"அமுக்குங்க. பிடிங்க. விடாதீங்க. இப்ப விடுங்க."

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, குழாயில் மிளகளவு ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இரண்டு பொடிக் குமிழி.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

"உள்ளே இருந்துச்சு" என்றார்.

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

பிறகும் அவர் எல்லாச் சக்கரத்தையும் ஒரு சுற்று பார்த்தார். மேலே ஆயில் குறையக் குறைய ஊற்றினார். வண்டியின் சிவப்புப் பெயிண்டில் ஆயில் இரண்டு சொட்டு சிந்தியது. அது பெயிண்டைத் தின்றுவிடும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். டாக்டரம்மா "பெயிண்ட் போனா போகட்டும்" என்று சொல்லியும் துடைத்தார். அதை மட்டும் அவர் விட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும். கைப்பிடியை விட்டு, காத்திருந்து, ஒரே தடவை அமுக்கிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தபோது நாற்பது நிமிஷம் போயிருந்தது.

பசு பிழைத்தது. கன்று செத்துப் பிறந்தது.

டாக்டரம்மா சாயங்கால மழையில் இறங்கி, ஒரு கீறலும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தாள். பிரேக் சரியாக இருக்கிற வண்டி அப்படித்தான் வந்து சேரும். நடக்காத ஒன்றை யார் கண்ணில் காட்ட முடியும்? செத்த கன்றை எல்லாரும் பார்த்தார்கள்.

"அது விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம், சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா பெரியவரிடம் சொன்னாளாம். அவர் காதில் 'சொல்ல முடியாது' மட்டும் விழுந்திருக்கிறது. மறுநாள் என் அக்கா வீட்டு வாசலில் நின்று, "நிதானமாம் நிதானம். ஆமைக்குப் பொண்ணு கொடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நாலு வருஷம் அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. மேட்டுப் பண்ணைக்காரர்களில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டு, வண்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

பெரியவர் வாசலில் வந்து வைதுவிட்டுப் போன அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா மகள் புருஷனிடம் கேட்டிருக்கிறாள்.

"கையை விட்டது தம்பிதான். நான் பார்த்தேன். பெரியப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"விட்டது அவன். குமிழியைப் பார்த்துட்டு அவன் பேச்சை நம்பினது நான். அப்பவே திரும்பச் செஞ்சிருந்தா டாக்டரம்மா வரும்போது வண்டி தயாரா இருந்திருக்கும்."

"அப்ப நானாவது சொல்றேன்."

"கன்னுக்குட்டி எழுந்துக்குமா? குழம்பை ஊத்து."

இதை அவளே என்னிடம் சொன்னாள். நான் என் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ரேடியோவை எங்கே பார்த்தாலும் அவன் முகத்தை மட்டும் பார்ப்பேன். அவன் வேறு கதை ஆரம்பிப்பான். மேனேஜர் கவிழ்ந்த கதையை அவன் மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

நாலாம் வருஷம் அவனுக்குக் கல்யாணம் முடிவானது. பெரியவரைக் கூப்பிட அவனும் நானும்தான் போனோம். அழைப்பிதழை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஆமை வருமா?"

"மாமா இல்லாம எப்படிப் பெரியப்பா?"

"அப்ப நான் வரலை."

ரேடியோ செருப்பை மாட்டிக்கொண்டான். வாசல் வரை வந்தவன் திரும்பினான். நின்றபடியே சொன்னான்: "அன்னைக்கு பிரேக்கைப் பிடிச்சிருந்தது நான்தான் பெரியப்பா. கதை சொல்ற மும்முரத்துல கையை விட்டுட்டேன். மாமா கேட்டார். விடலைன்னு சொன்னேன்."

பெரியவர் அழைப்பிதழைத் திண்ணையில் வைத்தார். தொழுவத்தில் அந்தப் பசு, அதற்குப் பிறகு இரண்டு ஈன்றுவிட்ட பசு, வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை ரெண்டு அடி அடிச்சுட்டு அத்தோட விட்டிருப்பேன். நாலு வருஷம் ஒருத்தனை வீணா வையவெச்சுட்டியே, உருப்படாதவனே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "நல்ல குடும்பம்டா" என்றார்.

கல்யாணத்துக்கு வந்தார். நிதானத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்துத் தன் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆயில் மாத்தணும். யாரு அமுக்கறது?"

"உங்க அண்ணன்... இல்ல, உங்க தம்பி மக" என்றார் நிதானம். அந்த மனுஷன் வாய் தடுமாறிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று அக்கா மகள் சொல்வாள்.

"அவ சரி. அந்த வாயாடியை மட்டும் ஏத்திடாதே" என்று சொல்லிவிட்டு, பெரியவர் வேலை முடியும் வரை வெயிலிலேயே நின்றார்.

பெரியவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நிதானம் அதே கொட்டகையில்தான் இருக்கிறார். முழங்கால் தேய்ந்துபோனதால் குந்த முடியாது, முக்காலி போட்டுக்கொள்கிறார். காலையில் மட்டும் வேலை, அதிலும் பிரேக் வேலை மட்டும். மேலே சீட்டில் என் அக்கா மகள் உட்கார்ந்திருப்பாள்.